வாசனை வந்தால் கை தூக்கலாம்

அந்த ஆண்டு நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை, மறுபக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை. பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவக் குப்பங்களிலிருந்து வருபவர்கள். மற்றவர்களின் அப்பாக்கள் கம்பெனிகளிலும் துறைமுகத்திலும் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். வாசனையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. காற்று திரும்பினால் வாசனையும் மாறும். கருவாடு, டீசல், சாம்பல், பெயர் தெரியாத வேறு எதுவோ. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் முதல் வாரம் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

அந்தக் கார்த்திகை மாதச் சாயங்காலம் வந்தது பழகின வாசனை இல்லை.

நானும் அந்தப் பக்கமேதான் குடியிருந்தேன். என் கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அன்றைக்கு அவர் வீடு திரும்பியிருக்கவில்லை. மழை விட்டு, காற்று அசையாமல், மேகம் தாழ்ந்து கிடந்தது. உலராத துணிகளை நாற்காலிகளின் மேல் விரித்துக்கொண்டிருந்தேன். அழுகின கொய்யாப்பழத்தின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினது போல ஒரு வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. முதலில் அது இனிப்பாக இருந்தது. இன்றைக்கும் எனக்கு நடுக்கம் தருவது அதுதான். நான் ஜன்னலை மூடவில்லை. என்ன பழம் என்று யோசித்தபடி இன்னும் கொஞ்சம் இழுத்து முகர்ந்தேன். அப்புறம்தான் தொண்டைக்குள் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தது போல எரிந்தது. கண் திறக்க முடியவில்லை. தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது.

ஈரத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு நானும் ஓடினேன். மீன் ஏற்றும் வண்டி ஒன்றில் யாரோ என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே கிடந்தோம். மறுநாள் திரும்பி வரச் சொன்னார்கள். காற்று நார்மல் என்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது என் வகுப்பு அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் அவர்களை அமைதிப்படுத்த நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். இப்போது கதவு காற்றில் அடித்துச் சாத்தினால் போதும், மொத்த வகுப்பும் மூச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கும். டஸ்டர் கை தவறி விழுந்த ஒரு நாள், முதல் பெஞ்சுப் பெண் அழுதேவிட்டாள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்பவர். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளை அவள். "கொஞ்சம் பொறுடி, மத்தவங்களும் யோசிக்கட்டும்" என்று அவளிடம் சொல்லாத நாள் இல்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. புத்தகத்தில் ஒரே வரியை மறுபடி மறுபடி வாசிப்பாள். ஷால் நுனி எப்போதும் மூக்கின் மேல் இருக்கும். ஆசிரியர் அறையில் "மந்தமாயிடுச்சு அந்தப் பொண்ணு" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஒரு காலை அறிவியல் பாடத்தின் நடுவில் அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வருது."

"என்னம்மா வருது?"

"அந்த வாசன."

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சாக்பீஸ் என் விரலிலேயே நின்றது. ஏனென்றால் அவள் கை தூக்குவதற்கு ஒரு நொடி முன்பு எனக்கும் அது வந்திருந்தது. அதே கொய்யா, அதே இனிப்பு. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் பால் காய்ச்சும்போது வரும். ரயிலில், பேசின் பிரிட்ஜ் தாண்டி வண்டி காரணமில்லாமல் நிற்குமே, அப்போது வரும். கணவரிடம் "ஏதாவது வாசனை வருதா?" என்று கேட்டால், அவர் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு "இல்லியே" என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

பக்கத்து வகுப்புக்குப் போய் அங்கிருந்த ஆசிரியையிடம் விசாரித்தேன். "பினாயில் போட்டுத் தொடச்சிருக்காங்க, அதுவா இருக்கும்" என்றார். திரும்பி வந்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். எல்லோரையும் குடிக்கச் சொன்னேன். நானும் குடித்தேன். எங்கள் இருவர் மூக்குக்கும் வந்தது நிஜமா, இல்லை இரண்டு மூளைகள் சேர்ந்து கனவு கண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அவ படிக்கலன்னு தெரியும் டீச்சர். நான் அடிக்கல்லாம் மாட்டேன். அவள இன்னான்னு அடிக்கிறது?"

"அடிக்கச் சொல்லலைங்க. வீட்டுல எப்படி இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

வாசலில் இருந்த கூடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி இவதான் டீச்சர் சொன்னா. யம்மா, ஏதோ வாசன வருதும்மான்னு. நான் கொழம்பு வெச்சிகினு இருந்தேன். கம்முனு கெட, எப்பவும் வர்றதுதானேன்னேன். மறுக்கா வந்து சொன்னா. அப்பவும் அதட்டினேன். எங்க நாத்தனா உள்ள படுத்துகினு இருந்தாங்க, அவங்களுக்கு மூச்சு எளப்பு. நாங்க வூட்ட வுட்டுக் கெளம்பறதுக்குள்ள..."

அந்த நாத்தனார் தை மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முன்பே இருந்த நோய்தான் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அப்படியும் இருக்கலாம். அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தை அவர்.

"இப்பல்லாம் வூட்ல வாசன வாசனன்னு சொல்லிகினே கீறா. நான் இன்னா பண்ணட்டும்? வர்லன்னு சொல்லட்டா, வருதுன்னு சொல்லட்டா?"



மாசி மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மூளை எப்படிக் கற்கிறது, அதற்கேற்ப வகுப்பை எப்படி நடத்துவது என்பதுதான் பொருள். இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு நாங்கள் எந்த மனநிலையில் போவோம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பின்வரிசையில் இடம் பிடித்துத் திருத்த வேண்டிய விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டேன். பேச வந்தவர் ஓர் இளம் பெண், உளவியல் படித்தவர். முதல் ஒரு மணி நேரம் அவர் சொன்னதெல்லாம் நல்ல, உபயோகமான விஷயங்கள். நேற்றைய பாடத்தைப் புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசிக்க வைப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னால் மனதில் நிற்கும். கேள்வி கேட்டுவிட்டு உடனே பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடியது மிகச் சிறிய சுமைதான், அதனால் பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். நான் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே கேட்டேன்.

பிறகு அவர் பயத்தைப் பற்றிப் பேசினார். பயந்த பிள்ளையின் மூளை காவல் காக்கிற வேலையில் இருக்கிறது, அந்தச் சிறிய இடம் முழுவதையும் காவலே எடுத்துக்கொள்கிறது, வாய்ப்பாடு உட்கார இடம் இருக்காது என்றார். பேனாவை மூடினேன். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் ஓர் இடைநிலையத்தில் நின்றுதான் உள்ளே போகின்றன, வாசனை மட்டும் அங்கே நிற்காமல் பயமும் ஞாபகமும் இருக்கிற பகுதிக்கு நேராகப் போய்விடுகிறது என்றார். அதனால்தான் ஒரு வாசனை வந்தால் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வருவதில்லை, அந்த நாளே வந்துவிடுகிறது.  எனக்குப் பைத்தியம் இல்லை என்று முதல்முறையாக ஒருவர், நான் யாரென்றே தெரியாமல், எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று திரையில் காட்டினார். ஒவ்வொரு நாளையும் ஒரே மாதிரி தொடங்குங்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திடீர்ச் சத்தங்களைத் தவிருங்கள். பயம் வரும்போது, "அது அப்போது நடந்தது, இப்போது நீ பாதுகாப்பாக இருக்கிறாய்" என்று சொல்லுங்கள்.

நான் எழுந்து நின்றேன். பயிற்சிகளில் நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

"மேடம், நாங்க எண்ணூர் பக்கம். பாதுகாப்பா இருக்கேன்னு எங்க பிள்ளைங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? அது மறுபடி வராதுன்னு எனக்கே தெரியாதே. அடுத்த தடவை நிஜமாவே வந்தா?"

அறையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.  பேச வந்தவர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"எனக்குத் தெரியலைங்க டீச்சர்" என்றார். "பொய் மட்டும் சொல்லாதீங்க. பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுவாங்க. உங்களுக்கு உண்மைன்னு தெரிஞ்சது எதுவோ அதைச் சொல்லுங்க."

சாப்பாட்டு இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்தார். நான் என் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் முதலில் சொல்லியும் யாரும் நம்பாமல் போனதைச் சொன்னபோது அவர் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். "அப்போ அவளுக்கு வாசனை மட்டும் பயமில்லைங்க. தான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கங்கறதும் பயம்" என்றார். எனக்கும் அது வருகிறது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதற்குள் மணி அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து என் வகுப்பை மாற்றினேன். காலையில் உள்ளே வந்ததும் கரும்பலகையின் ஓரத்தில் அன்றைக்கு எது முதலில், எது பிறகு என்று எழுதுவேன். மணி அடிக்கப் போகிறதென்றால் "இப்ப மணி அடிக்கும்" என்பேன். கதவு அடித்துக்கொள்ளாமல் கீழே ஒரு செங்கல் வைத்தோம். முதல் பத்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கும். நேற்றுப் படித்ததில் ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் பரவாயில்லை, மார்க் கிடையாது. அவளைக் கதவோரம் மாற்றி உட்கார வைத்தேன். அவளுக்குப் பிடித்த தோழியையும் பக்கத்தில் வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன்.

"யாருக்கு வாசனை வந்தாலும் கை தூக்கலாம். யாரும் சிரிக்கக் கூடாது. கை தூக்கினவங்களும் பக்கத்துல இருக்கறவங்களும் கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரணும். வாட்ச்மேன் அண்ணனையும் கேக்கணும். வந்து எங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"போய்ப் பாத்து, இல்லன்னா?" என்றான் ஒருவன்.

"இல்லன்னு சொல்லணும்."

"பாத்து, கீதுன்னா?"

"எல்லாரும் எழுந்து போயிடலாம்."

தலைமையாசிரியருக்கு இதில் விருப்பமில்லை. வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் கேட்டுக்குப் போய்வந்தால் மற்ற வகுப்புகளும் கேட்குமே என்றார். பரீட்சை வரைக்கும் விட்டுப் பாருங்கள் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

முதல் நாட்களில் அவள் ஓயாமல் கை தூக்கினாள். இரண்டு பெண்களும் மைதானத்தைக் கடந்து நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவேன். கேட்டில் நின்று முகத்தை உயர்த்தி முகர்வார்கள். வாட்ச்மேனும் ஸ்டூலிலிருந்து எழுந்து அவர்களோடு சேர்ந்து முகர்வார். "லாரிப் பொக கண்ணு, வேற ஒண்ணியும் இல்ல" என்பாராம். திரும்பி வந்து வாசலில் நின்று, "இல்ல டீச்சர்" என்பாள். "சரிம்மா. தேங்க்ஸ்" என்பேன். அவ்வளவுதான். வகுப்பு தொடரும்.

யாருக்கும் தெரியாத ஒன்று அதில் இருந்தது. எனக்கு வந்த நாட்களிலும் நான் அவள் கையைத்தான் பார்த்தேன். அவள் கை தூக்காவிட்டால் இது என் தலைக்குள் இருப்பது என்று எடுத்துக்கொண்டேன். தூக்கினால், அவள் திரும்பி வரும் வரை, எழுதிக்கொண்டிருந்த வரியை முடிக்காமல் நிற்பேன். "இல்ல டீச்சர்" என்ற குரல் கேட்டதும் விட்ட வரியை எழுதி முடிப்பேன்.

நாளாக நாளாகக் கை தூக்குவது குறைந்தது. சில நாள் பாதி தூக்கிவிட்டு, தானே முகர்ந்து பார்த்து, இறக்கிக்கொள்வாள். ஒருநாள் பத்து நிமிட எழுத்தில் அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாடு பாதி வரை சரியாக இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் இந்த முறையில் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்போதும் வாய் திறக்காத சிலர் எழுத ஆரம்பித்தார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மதியம், சமூக அறிவியல் பாடத்தில், அவள் கை தூக்கினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளும் தோழியும் கேட்டுக்குப் போனார்கள். வழக்கத்தைவிட நேரமானது. ஜன்னலில் பார்த்தேன். வாட்ச்மேன் சாலைக்குப் போய் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு மூவரும் திரும்பி வந்தார்கள், வேகமாக, ஆனால் ஓடாமல்.

வாசலில் நின்று அவள் சொன்னாள்: "கீது டீச்சர்."

"ஆமா டீச்சர், லேசா வருது. அந்தாண்டருந்து வருது" என்றார் வாட்ச்மேன்.

எல்லோரும் எழுந்தோம். தலைமையாசிரியர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மற்ற வகுப்புகளையும் கிளப்பச் சொன்னார். ஈரக் கைக்குட்டைகளோடு தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே, ஒரு கோயிலின் வெளி மண்டபத்துக்கு நடந்தோம். பாதி வழியில்தான் எனக்கு அது எட்டியது. இந்த முறை இனிப்பு இல்லை, வேறு ஏதோ ரப்பர் எரிந்தது போல.  ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் வரிசையை விட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"வாங்க டீச்சர். இது அது இல்ல. சீக்கிரம் போய்டும்."

அவள் முகத்தில் பயம் இல்லை. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அவள் ஷால் மூக்கை விட்டு இறங்கியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொன்னாள், கேட்டார்கள், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மண்டபத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீடு திரும்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் செய்தியில்கூட அது வரவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து அவள் எட்டாம் வகுப்புக்குப் போகும்போது, ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி அவள் அம்மா கூப்பிட்டார். கடலைப் பார்த்த வீடு. சுவரில் அத்தையின் படம் இருந்தது, அதற்கு வைத்த பூ வாடாமல் இருந்தது. எனக்கு டீ கொடுத்துவிட்டு அம்மா மீன் கூடையைப் பிரித்தார். காலையில் எடுத்ததில் மீந்தவை.

"பாப்பா, இங்க வா. இது நல்லாகீதா பாரு."

அவள் வந்து குனிந்து ஒரு மீனை முகர்ந்தாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு போல இருந்தது.

"எனுக்கு மூக்கு போச்சு டீச்சர். அன்னிலேர்ந்து. கொழம்பு தீஞ்சாலும் தெரியாது, மீனு கெட்டாலும் தெரியாது. கண்ணப் பாத்து, செவுளப் பாத்துதான் வாங்கறேன். வெளிய சொன்னா யாரு எங்கிட்ட வாங்குவாங்க? இவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

டம்ளரை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். பள்ளிக்கு வந்து என்னெதிரில் நின்று, வருதுன்னு சொல்லட்டா வர்லன்னு சொல்லட்டா என்று கேட்டபோதே இதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். மகள் சொல்வது உண்மையா இல்லையா என்று பார்க்க அவருக்கு வழியே இருக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வரும், வராமலும் போவும்னாரு." கூடையில் இன்னொரு மீனைப் புரட்டினார். "ராத்திரி படுத்தா, வந்து பக்கத்துல நிக்கிற மாரி கீது டீச்சர். எனுக்குத் தெரியாம வந்து நிக்கிற மாரி. ஜன்னலெல்லாம் சாத்திட்டு, இவள எழுப்பி எழுப்பிக் கேப்பேன். பாப்பா சொன்னாளே, உங்க டிரெயினிங்கு, அதுல இதுக்கு இன்னா சொன்னாங்க?"

"இதுக்கு ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பெண் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, நல்லதை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கென்று நான்கைந்தை எடுத்துப் பையில் போட்டார் அம்மா. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது கடல் வாசனை மட்டும்தான் வந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தே வைத்தேன். குழம்பு கொதிக்கும் வரை அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.